இணையத்தளங் காப்போர் பணிகள்

கோயிலொன்றைக் கட்டிக் குடமுழுக்குச் செய்வித்தவர் பெயர் கல்லிற் பொறிக்கப்படுகின்றது. அன்றுதொட்டு நாள்தோறும் கதவு திறந்து, அலகிட்டு, மெழுகி, விளக்கேற்றி, எண்ணெய்க்குக் கணக்கெழுதி, இரவிற் பூட்டிச் செல்பவர் பெயரை எக்கல்லும் தாங்குவதில்லை. ஆயினும் அவர் ஒரு கிழமை வாராதொழியின் கோயிலின் நிலை யாதாகும் என்பதை நாம் அறிவோம். இணையத்தளங்களின் நிலையும் இத்தகையதே. தளத்தைத் திறந்துவைக்கும் நாளில் மேடையும் மாலையும் உண்டு. மறுநாள் தொடங்கி அதனைக் காத்துவரும் தொழிலைப் பற்றி நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை. அத்தொழிலின் பல்வேறு கூறுகளையும் ஈண்டுச் சுருக்கமாக விளக்க முற்படுகின்றோம்.

உலகளாவிய வலையினை ரிம் பேர்ணர்ஸ்-லீ என்னும் ஆங்கில அறிஞர் 1989ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். அப்பொழுது அவர் ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள சேர்ண் என்னும் ஐரோப்பிய அணுவாராய்ச்சி நிலையத்திற் பணியாற்றினார். முதலாவது இணையத்தளம் அவர் பயன்படுத்திய கணினியிலேயே இயங்கிற்று. கேட்போருக்குப் பக்கங்களை எடுத்து அனுப்பும் கணினியை வழங்கி என்பர். அக்கணினியின்மீது, 'இஃது ஒரு வழங்கி. இதன் மின்னை நிறுத்தற்க' என்னும் பொருள்பட, சிவப்பு மையினாற் கையால் எழுதிய துண்டொன்று ஒட்டப்பட்டிருந்தது. தளங் காக்கும் தொழிலின் முதற் கட்டளை அதுவே எனலாம்.

வலையின் தொடக்க காலத்தில் இத்தொழிலாளரை 'வெப்மாஸ்ரர்' என்றழைத்தனர். 1997இல் வெளிவந்த இணைய விதியொன்று, ஒவ்வொரு தளத்துக்கும் அப்பெயராலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி இருத்தல்வேண்டும் என விதந்துரைத்தது. பெரு நிறுவனங்களில் இன்று அவ்வொருவரின் வேலையைப் பதிப்பாசிரியர், வரைகலைஞர், நிரலாளர், பாதுகாப்பு வல்லுநர் எனப் பலர் பகிர்ந்து செய்கின்றனர். பாடசாலை, கோயில், சங்கம், சிறுகடை ஆகியவற்றிலோ பெரும்பாலும் ஒருவரே அத்தனை வேடங்களையும் புனைய வேண்டியவராகின்றார்.

முதலாவது பணி, தளத்தின் பெயரைக் காத்தலாகும். ஆட்களப்பெயர் எனப்படும் இணைய முகவரி விலைக்கு வாங்கும் காணி போன்றதன்று; தவணைக்குத் தவணை பணங்கட்டிப் புதுப்பிக்கவேண்டிய குத்தகை போன்றது. தவணை தவறின் பெயர் பிறர் கைக்குப் போகலாம். இஃது எளியோர்க்கு மாத்திரம் நேரும் பிழையென்று கருதற்க. 1999ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் தன் ஆட்களப்பெயரொன்றைப் புதுப்பிக்க மறந்தது. அதனால் ஹொற்மெயில் பயனாளர் பலர் தத்தம் மின்னஞ்சலைத் திறக்க இயலாது இடருற்றனர். இறுதியில் அந்நிறுவனத்தோடு தொடர்பில்லாத நிரலாளர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் 35 டொலரைச் செலுத்தி அக்குறையைத் தீர்த்தார்.

இரண்டாவது, பதிப்பாசிரியர் பணி. பரீட்சைத் திகதி, கட்டணம், தொலைபேசி எண் முதலியன மாறிய அன்றே தளத்திலும் மாறவேண்டும். சென்ற ஆண்டின் அறிவித்தலை இவ்வாண்டினதென்று நம்பித் தூரத்திலிருந்து வந்து திரும்பிய பெற்றோரின் பேருந்துச் செலவுக்கு விடை சொல்வார் யார்? பழைய பக்கமொன்றின் முகவரியை மாற்றுங்கால், அப்பக்கத்தைச் சுட்டிய இணைப்புகள் யாவும் வெறுமைக்கு இட்டுச்செல்லாதவாறு வழிதிருப்பிவிடுதலும் அவர் கடனே.

தமிழ்த் தளங்களுக்கு இதன்கண் தனிப்பொறுப்பும் ஒன்றுண்டு. ஒருங்குறி முறை பரவுமுன் பாமினி போன்ற எழுத்துருக்களைக்கொண்டு எழுதிய பக்கங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி ஒப்புநோக்குதல் பொறுமை வேண்டிய வேலை. அறிவித்தலைத் தாளில் அச்சடித்துப் படம்பிடித்து ஏற்றிவிடும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அப்படத்துக்கு எழுத்தில் விளக்கம் இணைக்காவிடின், கண்பார்வையற்றோர்க்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் 'படம்' என்பதற்கு மேல் யாதும் சொல்லமாட்டாது நின்றுவிடலாம். விழிப்புலனற்ற மாணவன் ஒருவனுக்கு அது மூடிய கதவேயாகும்.

மூன்றாவது, காவலாளியின் பணி. தளத்தை இயக்கும் மென்பொருள்களில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டறியப்படும். அவற்றை ஆக்கியோர் அடைப்பதற்கான திருத்தங்களை வெளியிடுவர். அவற்றை உடனே பொருத்துதல் தளங் காப்போர் கடமை. அமெரிக்காவின் ஈக்குவிபக்ஸ் என்னும் கடன்தகவல் நிறுவனம் தன் இணையத்தளமொன்றிற் பயன்படுத்திய மென்பொருளுக்கு 2017 மார்ச்சு மாதத்தில் திருத்தம் வெளியாயிற்று. நிறுவனம் அதனைப் பொருத்தத் தவறிற்று. மே மாதத்தில் அவ்வழியாலே புகுந்தோர், ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் தகவல்களைக் கவர்ந்தனர். பூட்டுக் கையிலிருந்தும் கதவு பூட்டப்படவில்லை.

நான்காவது, காப்புப்பிரதி எடுத்தல். எடுத்தால் மட்டும் போதாது; அதிலிருந்து தளத்தை மீட்கமுடிகின்றதா என்பதையும் சோதித்தல்வேண்டும். நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிற்லாப் என்னுந் தளத்தில், 2017 சனவரி 31ஆம் திகதி, களைப்புற்றிருந்த பொறியியலாளர் ஒருவர் தவறுதலாக மூலத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். மீட்க முற்பட்டபோது, அவர்கள் நம்பியிருந்த ஐந்து காப்பு முறைகளும் நம்பியவாறு உதவவில்லை. வேறொரு தேவைக்காகச் சுமார் ஆறு மணிநேரத்திற்கு முன் எடுத்திருந்த பிரதியே கைகொடுத்தது. அந்நிறுவனம் நிகழ்ந்ததனைத்தையும் மறையாது வெளியிட்டமை போற்றற்குரியது. அதனாலன்றோ நாமும் அப்பாடத்தைக் கற்கின்றோம்.

இவையன்றி, வரும் கடிதங்களுக்கு விடையிறுத்தல், வழங்கிக்கு வாடகை செலுத்துதல், எப்பக்கத்தை எத்தனைபேர் நாடினர் எனக் கணக்கெடுத்தல், பிறர் படத்தையும் எழுத்தையும் உரிமையின்றி இடாதிருத்தல் என்பனவும் உள. சிறுவர் படங்களையும் முகவரிகளையும் வெளியிடுமுன் அனுமதி பெறுதலும் அவசியம். எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டமையைத் தளங் காப்போர் மனங்கொள்ளல் வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு விழா மலரில் எடுத்துரைப்பானேன் என வினவுவார் இருக்கலாம். சங்கங்கள் பல விழா ஆண்டிலேயே உற்சாகத்தோடு தளந் தொடங்குகின்றன. பின்னர் நிருவாகக் குழு மாறுகின்றது. கடவுச்சொல்லை அறிந்த ஓர் இளைஞர் கடல் கடக்கின்றார். புதுப்பிக்குமாறு வரும் மடல்கள் எவரும் திறவாத பெட்டியில் விழுகின்றன. ஈற்றில், அதிபர்கள் படமும் பழைய மாணவர் நினைவும் இருந்த முகவரியிற் சூதாட்ட விளம்பரம் குடியேறுகின்றது.

அச்சிட்ட மலர் ஐம்பது ஆண்டு அலுமாரியிற் கிடந்தாலும், கறையான் அணுகாவிடின், எடுத்து வாசிக்கலாம். இணையத்தளமோ ஓராண்டுக் கவனக்குறைவையுந் தாங்காது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தோம். அத்தீயை ஊரே கண்டது. இணையத்தளமொன்று அழியும்போது புகையும் எழுவதில்லை. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பாடசாலை மலர்களையும் மின்வடிவிற் பேணிவரும் 'நூலகம்' திட்டம் 2005இல் தொடங்கியது. இத்தகைய முயற்சிகளின் அருமை, இழந்தறிந்த நமக்கு விளங்காததன்று.

ஆதலின், தளம் வைத்திருக்கும் சங்கங்கள் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளுதல் நன்று. ஆட்களப்பெயர் தனியொருவர் பெயரில் இன்றிச் சங்கத்தின் பெயரிற் பதியப்படுக. கடவுச்சொற்கள் இருவர் பொறுப்பில் இருக்க. புதுப்பிக்குங் கட்டணம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறுக. ஆண்டுக்கொருமுறை முழுத்தளத்தின் பிரதியொன்று கல்லூரி நூலகத்தில் ஒப்படைக்கப்படுக. தனாதிகாரி கணக்குக் காட்டும் அதே பொதுக்கூட்டத்திலே, தளங் காப்பவரும் தம் அறிக்கையை வாசிப்பாராக. அவர் வாசித்து முடித்தபின் அவருக்கு ஒரு மாலை சூட்டுதலும் தகும்.