‘450 வாட்ஸ்’ என்று எழுதியிருந்தால் போதுமா? எஸ்.எம்.பி.எஸ் வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள்!

“படம் பார்த்தா ஒண்ணும் ஆகலைப்பா. கேம் ஆடும்போது மட்டும் பட்டுனு ஆஃப் ஆகிடுது!”

புது கிராஃபிக்ஸ் கார்டு போட்ட ஒரே வாரத்தில் மகன் இப்படிச் சொன்னால், பெரும்பாலான அப்பாக்களுக்கு முதலில் தோன்றுவது வைரஸ். அடுத்து, “உன்னை யாரு கேம் ஆடச் சொன்னா?” பாவம், தப்பு பையன் மேலும் இல்லை, வைரஸ் மேலும் இல்லை. கேபினெட்டின் ஒரு மூலையில் ஃபேனோடு உட்கார்ந்திருக்கும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

புராசஸர் என்ன, ரேம் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பவர்கள்கூட, “எஸ்.எம்.பி.எஸ் கேபினெட்டோடயே வந்துடும் சார்” என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டிவிடுகிறார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டாக இருந்தாலும் சரி, உள்ளூர்க் கடையாக இருந்தாலும் சரி, பட்ஜெட் இடித்தால் முதலில் கைவைப்பது இதில்தான்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டி.சி-யாக மாற்றிக் கொடுப்பதுதான் இதன் வேலை. இன்றைய கம்ப்யூட்டரில் புராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டும் 12 வோல்ட்டை நம்பியே இருக்கின்றன. அதனால், அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்ஸை விட்டுவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்-ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் ‘+12வி’ என்ற கட்டத்தைத் தேடுங்கள். அதற்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள்.

‘450 வாட்ஸ்’ என்று பெயர் போட்ட மலிவான பெட்டியில் அந்த இடத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தால், கையில் இருப்பது 192 வாட்ஸ்தான். நல்ல தயாரிப்புகளில் மொத்த வாட்ஸில் பெரும்பகுதி 12 வோல்ட்டிலேயே கிடைக்கும்.

இப்போது அந்தப் பையனின் கணக்குக்கு வருவோம். ஆர்.டி.எக்ஸ் 3060 கார்டு 170 வாட்ஸ். கோர் ஐ5-12400 புராசஸர் முழு மூச்சில் ஓடினால் 117 வாட்ஸ். மதர்போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாவற்றுக்கும் ஒரு 50 போட்டாலும் 340-ஐ நெருங்குகிறது. 192-ஐ வைத்துக்கொண்டு அது எப்படி ஓடும்? கார்டு நொடிக்கும் குறைவான நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டியும் மின்சாரம் இழுக்கும் என்பதால்தான், என்விடியா இந்தக் கார்டுக்கு 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்-ஸைப் பரிந்துரைக்கிறது. அதற்காக 1000 வாட்ஸுக்குத் தாவ வேண்டியதில்லை. கிராஃபிக்ஸ் கார்டே இல்லாமல், பில் போடவும் ஆன்லைன் வகுப்புக்கும் மட்டும் பயன்படும் கம்ப்யூட்டருக்கு நேர்மையான 400 வாட்ஸே தாராளம்.

“பெரிய வாட்ஸ் வாங்கினா கரன்ட் பில் எகிறாதா?” என்று வீட்டில் கேட்பார்கள். எகிறாது. கம்ப்யூட்டர் கேட்கிற அளவைத்தான் அது சுவரிலிருந்து இழுக்கும். பில்லைக் கூட்டுவது, வழியில் சூடாக வீணாகும் மின்சாரம். ‘80 பிளஸ்’ முத்திரை சொல்வது இந்த வீணைப் பற்றித்தான். 100 வாட்ஸ் தேவைப்படும் கம்ப்யூட்டருக்கு, 70 சதவிகிதத் திறனுள்ள பெட்டி சுமார் 143 வாட்ஸ் இழுக்கும். 85 சதவிகிதத் திறனுள்ளது சுமார் 118. தினமும் 8 மணி நேரம் என்றால், இரண்டு மாத பில்லில் 12 யூனிட் வித்தியாசம். வீட்டு உபயோகத்துக்கு பிரான்ஸ் முத்திரை போதும். நாள் முழுக்க ஓடுகிற கம்ப்யூட்டர் என்றால் கோல்டு வாங்கலாம். ஆனால், இது மின்திறனுக்கான முத்திரை மட்டுமே. பெட்டி எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கு வாரன்ட்டியைப் பாருங்கள். நல்ல பெட்டிகளுக்கு 5 வருடம் முதல் 10 வருடம் வரைகூடத் தருகிறார்கள்.

மலிவானவற்றின் உண்மையான ஆபத்து, அவை சாகும்போதுதான் தெரியும். நல்ல பெட்டியில் வோல்டேஜ் எகிறினாலோ ஷார்ட் ஆனாலோ தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பு உண்டு. அது இல்லாதது போகும்போது மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகலாம். மதர்போர்டைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். டிஸ்க்கில் மட்டும் இருந்த பாட்டியின் சதாபிஷேகப் படங்களை எங்கே போய் வாங்குவது?

யு.பி.எஸ் இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. வீடுகளில் பரவலாக இருக்கும் 600 வி.ஏ யு.பி.எஸ் தாங்குவது பொதுவாக 360 வாட்ஸ்தான். மேலே சொன்ன கேமிங் கம்ப்யூட்டரோடு மானிட்டரையும் அதில் மாட்டினால், கரன்ட் போன அதே நொடியில் யு.பி.எஸ்-ஸும் கைவிரிக்கும்.

பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது இன்னொரு விபத்து நடக்கும். கேபிள்களைத் தனியாகக் கழற்றும் ‘மாடுலர்’ வகையில், பழைய கேபிளையே புதிய பெட்டியில் செருகக் கூடாது. செருகினால் கச்சிதமாகப் பொருந்தும், அதுதான் வம்பு. உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்தால், எஸ்.எஸ்.டி அங்கேயே காலி.

ரிப்பேர் செய்கிறேன் என்று எஸ்.எம்.பி.எஸ்-ஸைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கேபினெட்டைத் தொட்டாலே ‘சுரீர்’ என்கிறதா? பல வீடுகளில் அதற்குக் காரணம் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லாததுதான். அதற்குக் கம்ப்யூட்டர் மெக்கானிக் வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.