சம்ப் தண்ணீருக்கு ப்ளீச்சிங் பவுடரா, மாத்திரையா, லிக்விட் குளோரினா? எது சிக்கனம், எது வசதி?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்கள் வாடகைக்கு அடுத்ததாகக் கேட்கும் கேள்வி, "தண்ணி எப்படி?" என்பதுதான். பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கொஞ்சம் மெட்ரோ வாட்டர் அல்லது நகராட்சித் தண்ணீர், கொஞ்சம் போர், கோடை வந்தால் லாரி. மூன்றும் வந்து சேரும் இடம் ஒன்றே: கட்டடத்துக்குக் கீழே இருக்கும் சம்ப். அங்கிருந்து மோட்டார் போட்டு மொட்டைமாடி டேங்குக்கு ஏற்றினால், பல் தேய்ப்பது முதல் பாத்திரம் கழுவுவது வரை அந்தத் தண்ணீர்தான்.

செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குளோரின் போட்டுத்தான் தண்ணீர் கிளம்புகிறது. ஆனால் அது குழாயில் பல கிலோமீட்டர் பயணம் செய்து, சம்பில் போர் தண்ணீரோடும் லாரித் தண்ணீரோடும் கலந்த பிறகு அந்த குளோரினில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? பல நேரங்களில் ஒன்றுமே இருக்காது. அதனால்தான் அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டங்களில் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் இந்தப் பேச்சு கிளம்புகிறது. ஒருவர் "ப்ளீச்சிங் பவுடர் போதும், மலிவு" என்பார். இன்னொருவர், "அந்த நாத்தமும் கசடும் யார் பார்க்கிறது, மாத்திரை வாங்கிப் போட்டுடலாம்" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

சம்ப் தண்ணீரில் எவ்வளவு குளோரின் இருக்கணும்?

இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 (2012) சொல்வது இது: வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 1 மில்லிகிராம் வரை போகலாம். வைரஸ் தொற்றிலிருந்து பாதுகாப்பு தேவைப்படும் இடங்களில் குறைந்தபட்சம் 0.5 மில்லிகிராம்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'மிச்சம்'. நாம் போடும் குளோரினின் ஒரு பகுதியைத் தண்ணீரில் உள்ள அழுக்கு, இரும்பு, அம்மோனியா எல்லாம் தின்றுவிடும். தின்று முடித்த பிறகு, குறைந்தது அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு. கழிவுநீர் கசியும் இடத்துப் போர் தண்ணீர் என்றால் அது அதிகமாகவே தின்னும். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் பிரச்னை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது நினைவிருக்கலாம். ஏரியைச் சுற்றி இருக்கும் வீடுகளின் போர் தண்ணீருக்கும், நல்ல குழாய்த் தண்ணீருக்கும் ஒரே அளவு பவுடர் போட்டால் சரியாக வராது.

காசுக் கணக்கு

இருபது வீடுகள் உள்ள ஒரு அபார்ட்மென்ட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோலின்படி பார்த்தால் சுமார் 10,800 லிட்டர். வசதிக்காக தினமும் 10,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நல்ல ப்ளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் கிடைக்கும். பொது சுகாதாரத் துறையினர் பாடமாகப் படிக்கும் அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். அப்படியென்றால் 10,000 லிட்டருக்கு 25 கிராம். கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் செலவு ஒன்றரை ரூபாய். மாதம் 45 ரூபாய். இருபது வீடு பிரித்துக்கொண்டால் ஒரு டீ காசுகூட வராது.

லிக்விட் குளோரின் என்று கடைகளில் கேன் கேனாக விற்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கொரோனா காலத்தில் தெருத் தெருவாக அடித்தார்களே, அதேதான். 10 சதவீதத் திரவம் என்றால், மேலே சொன்ன அதே அளவு குளோரின் கிடைக்க 80 மில்லி போதும். லிட்டர் 30 ரூபாய் என்றாலும் ஒரு நாளைக்கு இரண்டரை ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

மாத்திரைக்கு வந்தால் கதை மாறுகிறது. வெள்ள நேரத்தில் கொடுக்கப்படும் சின்ன குளோரின் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்கு, அதாவது ஒரு கேனுக்கு. 10,000 லிட்டர் சம்புக்கு அப்படி 500 மாத்திரை வேண்டும். ஒன்று 2 ரூபாய் என்றாலே ஒரு நாளைக்கு 1,000 ரூபாய், மாதம் 30,000 ரூபாய். மாத்திரை பவுடரைவிட அதிக குளோரின் கொடுக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்தாலும் இந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். டேங்குக்கென்றே பெரிய மாத்திரைகளும் வருகின்றன, அவற்றில் விலை இறங்கும். இருந்தாலும் பவுடர் விலைக்கு வராது.

இங்கே சொன்ன விலைகள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. கடையில் கேட்டு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். பாக்கெட் விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவீர்கள். எத்தனை சதவீதம் குளோரின் என்று லேபிளில் பார்த்து, ஒரு கிராம் குளோரினுக்கு எவ்வளவு காசு என்று வகுத்துப் பார்க்க வேண்டும். சதவீதமே போடாத பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

அப்போ பவுடரே போதுமா?

இங்கேதான் சிக்கல். பவுடர் மலிவாக இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது, அது பில்லில் வராது.

ப்ளீச்சிங் பவுடருக்கு ஈரமும் சூடும் வெளிச்சமும் ஆகாது. மூட்டையைப் பிரித்து, வாயைச் சுருட்டி, மோட்டார் ரூமில் ஓரமாக வைத்துவிட்டால் குளோரின் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துகொண்டே இருக்கும். சென்னை வெயிலும் காற்றில் இருக்கும் ஈரப்பதமும் அதை இன்னும் வேகமாக்கும். பார்ப்பதற்கு அதே வெள்ளைப் பவுடர்தான், வாசனைகூட லேசாக வரும். ஆனால் 33 சதவீதம் 15 ஆகியிருக்கும். வாட்ச்மேன் அதே 25 கிராமைத்தான் போடுவார். தண்ணீருக்குப் போவது லிட்டருக்கு 0.8 மில்லிகிராமிலிருந்து 0.4-க்கும் கீழே இறங்கிவிடும். அதையும் அழுக்கு தின்றுவிட்டால் மிச்சம் பூஜ்யம். குளோரின் போடுகிறோம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள், குழாயில் ஒன்றும் இருக்காது.

சிக்கனம் என்று 25 கிலோ மூட்டை வாங்கினால், நாளைக்கு 25 கிராம் வீதம் அது 1,000 நாளைக்கு வரும். கிட்டத்தட்ட மூன்று வருஷம். அதில் கடைசி இரண்டு வருஷம் போடுவது வெறும் சுண்ணாம்புக்குச் சமம். சின்ன அபார்ட்மென்ட்டுக்கு ஒரு கிலோ பாக்கெட்தான் சரி. மாதா மாதம் புதிதாக வாங்கி, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் நிழலில் வைத்தால் போதும்.

லிக்விடும் இதே கதைதான். திரவம் எவ்வளவு கெட்டியோ, வெயில் எவ்வளவு கொளுத்துகிறதோ, அவ்வளவு சீக்கிரம் வீரியம் குறையும். தயாரித்த தேதி இல்லாத கேனை வாங்குவது, தேதி இல்லாத பால் பாக்கெட் வாங்குவது போலத்தான். துணி வெளுக்க விற்கும் வாசனை சேர்த்த ப்ளீச் தண்ணீருக்கு உதவாது. மாத்திரைக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒவ்வொன்றாக அடைத்து வருவதால் பல மாதம் வைத்திருந்தாலும் வீரியம் போகாது. அளக்கவும் வேண்டாம். அந்த வசதிக்குத்தான் அவ்வளவு காசு.

பவுடரை எப்படிக் கரைக்கணும்?

நேராக சம்பில் கொட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் பவுடரைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு தோசை மாவு பதத்துக்குக் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் சேர்த்துக் கலக்க வேண்டும். பத்து நிமிஷம் அப்படியே விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை மட்டும் சம்பில் ஊற்ற வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பும் போனால் தண்ணீரின் கடினத்தன்மை கூடும். ஏற்கெனவே கீஸரிலும் குழாயிலும் உப்பு படிகிறது என்று புலம்பும் வீடுகளுக்கு இது வேறயா?

லாரி தண்ணீர் இறக்கும்போதே ஊற்றினால் தானாகக் கலந்துவிடும். அரை மணி நேரம் கழித்துத்தான் மோட்டார் போட வேண்டும். 25 கிராமை ஒருமுறை கிச்சன் தராசில் நிறுத்து, ஒரு பழைய டம்ளரில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அளந்து போடலாம்.

வெள்ளத்துக்குப் பிறகு நிலைமையே வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பகுதிகளில் பல தெருக்களில் தண்ணீர் புகுந்தது. சம்ப் மூடிக்கு மேலே வெள்ளம் ஏறியிருந்தால் வழக்கமான அளவு பவுடர் போட்டுப் பயனில்லை. தண்ணீரை முழுக்க வெளியேற்றி, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, 10,000 லிட்டருக்கு ஒன்றரை கிலோ பவுடரைக் கரைத்து ஊற்றி ஒரு நாள் முழுக்க விட வேண்டும். அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தாமல் வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். சம்புக்குள் ஆளை இறக்குவதற்கு முன்பு மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விடுவதும், மேலே ஒருவர் நின்று பார்த்துக்கொள்வதும் கட்டாயம். மூடிய சம்பில் மூச்சுத்திணறி உயிர் போன செய்திகள் புதிதல்ல.

அந்த மாதிரி நாட்களில்தான் மாத்திரை தன் விலைக்கு நியாயம் செய்கிறது. கரண்ட் இல்லை, சம்ப் நாசம், கையில் இருப்பது யாரோ கொண்டுவந்த ஒரு குடம் தண்ணீர். துணியில் வடிகட்டி, 20 லிட்டருக்கு ஒரு மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் குடிக்கலாம். ஒரு அட்டை மாத்திரை மருந்துப் பெட்டியில் இருப்பது நல்லது. தினசரி சம்புக்கு அல்ல, அந்த ஒரு வாரத்துக்கு.

நீச்சல் குள மாத்திரையைப் போடலாமா?

கூடாது. புதிதாக வரும் பெரிய குடியிருப்புகளில் நீச்சல் குளம் இருக்கிறது, சிலவற்றில் ஜக்கூஸியும் உண்டு. அங்கே போடும் வெள்ளை வட்ட மாத்திரை டி.சி.சி.ஏ. எனப்படும் வேறு சரக்கு. 90 சதவீதம் குளோரின், மெதுவாகக் கரையும், வாரக்கணக்கில் வேலை செய்யும். வசதியில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் கரையும்போது சயனூரிக் அமிலம் என்ற பொருளைத் தண்ணீரில் விட்டுச் செல்லும். குளத்தில் அது வெயிலில் குளோரின் ஆவியாகாமல் காக்கும். அதுவே அளவு மீறிச் சேர்ந்தால் குளோரினின் கையைக் கட்டிப்போட்டுவிடும். அப்போது பாதித் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. "அங்கே போடுறதுதானே" என்று இதைக் குடிநீர் சம்பில் போடக் கூடாது. இந்த மாத்திரையையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே டப்பாவில் வைப்பதோ, ஒரே வாளியில் கரைப்பதோ தீப்பிடிக்கும், வெடிக்கும் அளவுக்கு ஆபத்தானது. அதேபோல டாய்லெட் கழுவும் ஆசிட் எந்த குளோரினோடு சேர்ந்தாலும் விஷவாயு கிளம்பும்.

வசதிக்குக் காசு கொடுப்பது எப்போது சரி?

நூறு வீட்டுக்கு மேல் உள்ள குடியிருப்பில் ஒருவர் தினமும் வாளியோடு நின்று கலக்கி ஊற்றுவார் என்று எதிர்பார்ப்பது கஷ்டம். ஒரு நாள் லீவு, ஒரு நாள் மறதி. அங்கே டோஸிங் பம்ப் வைத்து, மோட்டார் ஓடும்போதெல்லாம் லிக்விட் சொட்டுவது போல் செய்துவிடலாம். முதலில் செலவு இருக்கும், ஆனால் வீடுகளுக்குப் பிரித்தால் தாங்கும். எட்டு, பத்து வீட்டுக்கு அது தேவையில்லை.

"எங்க வீட்டில் ஆர்.ஓ. இருக்கே" என்று இதிலிருந்து ஒதுங்குபவர்களும் உண்டு. ஆர்.ஓ. மெஷின் குடிக்கும் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொள்ளும். அதில் உள்ள கார்பன் ஃபில்டர் குளோரினையும் எடுத்துவிடுவதால், பிடித்து வைத்த தண்ணீருக்கு அதன் பிறகு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. குழந்தை குளிக்கும்போது வாயில் போவதும், காய்கறி கழுவுவதும் சம்ப் தண்ணீர்தான்.

எதை வாங்கினாலும் கூடவே வாங்க வேண்டியது ஒரு குளோரின் டெஸ்ட் கிட். நீச்சல் குளப் பொருள் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். சுகாதார ஆய்வாளர்கள் தெருக்குழாயில் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பார்களே, அதே சோதனைதான். மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி. திரவத்தைவிட, இளஞ்சிவப்பு காட்டும் டி.பி.டி. வகை பாதுகாப்பானது, துல்லியமும் அதிகம். சம்பில் அல்ல, மேல் மாடியில் கடைசி வீட்டுக் குழாயில் பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கே 0.2 முதல் 0.5 வரை காட்டினால் பவுடர் நன்றாக வேலை செய்கிறது. நிறமே வராவிட்டால் அளவைக் கூட்டிப் பார்த்து, அப்போதும் வராவிட்டால் பாக்கெட்டை மாற்ற வேண்டும். புது பாக்கெட் போட்டும் வரவில்லையென்றால் சம்பில் கழிவுநீர் கசிகிறதா என்று சந்தேகப்பட வேண்டிய நேரம் அது.

அப்படிச் சந்தேகம் வந்தால் தண்ணீரை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்துப் பரிசோதிக்கலாம். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சிக்குள் வருவதால் அங்கே மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீரில் நாற்றமோ கலங்கலோ இருந்தால் 044-45674567 என்ற எண்ணிலும், மாநகராட்சியின் 1913 எண்ணிலும் புகார் சொல்லலாம். ஆவடியில் இருப்பவர்கள் ஆவடி மாநகராட்சியையும், பூந்தமல்லியில் இருப்பவர்கள் நகராட்சி அலுவலகத்தையும் அணுக வேண்டும். ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் சோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் சம்ப் தண்ணீரை அன்றே நிறுத்திவிட்டு, 104 சுகாதார உதவி எண்ணுக்குத் தகவல் சொல்லி, அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.