திருமணப் புகைப்படமும் நியாயமான கூலியும்

ஆலயத்தில் முதல் ஓலை வாசித்துவிட்டாலே திருமண வீட்டில் பரபரப்பு கூடிவிடுகிறது. மண்டபம், சமையல், பட்டு, நகை என்று எல்லாவற்றிற்கும் பணத்தை ஒதுக்கிய பிறகு, மிஞ்சியதைக் கையில் வைத்துக்கொண்டு நாம் புகைப்படக்காரரைத் தேடுகிறோம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் ஸ்டூடியோக்களுக்குக் குறைவில்லை. ஆனால் மூன்று இடங்களில் விசாரித்தால் மூன்று தொகைகள், ஒன்றுக்கொன்று ஒட்டாமல், கிடைக்கும். "ஒரு நாள் வந்து பட்டனை அழுத்துவதற்கு இவ்வளவா?" என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர்களும் அங்கே வேலை பார்ப்பவர்களும் நம் பங்குகளிலேயே இருக்கிறார்கள். ஒரு ஜாப் ஒர்க்கிற்கு அவர்கள் எப்படி ரேட் போடுகிறார்கள்? மெஷின் ஓடும் நேரத்தை மட்டுமா பார்க்கிறார்கள்? மெஷின் வாங்கிய கடன், மின்கட்டணம், தேய்ந்துபோகும் டூல், ஆள்கூலி, ரிஜெக்ட் ஆகும் உருப்படி, ஆர்டர் இல்லாத மாதத்தின் வாடகை எல்லாம் அந்த ரேட்டிற்குள் அடங்கியிருக்கின்றன. புகைப்படக்காரரின் கணக்கும் இதேதான். அவருடைய மெஷின் கழுத்தில் தொங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிலிம் காலத்தில் இந்தச் செலவு நம் கண்ணுக்குத் தெரிந்தது. கோடாக் ரோலாக இருந்தாலும், உதகையில் இயங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' ரோலாக இருந்தாலும், ஒரு ரோலுக்கு 36 படம். எத்தனை ரோல், கழுவ எவ்வளவு, பிரிண்ட் எவ்வளவு என்று பேசித்தான் வேலை கொடுத்தோம். டிஜிட்டல் வந்தபின் படம் எடுப்பது இலவசம் என்ற எண்ணம் நமக்குள் புகுந்துவிட்டது. உண்மையில் ரோலுக்குப் போன பணம் இப்போது உழைப்பு நேரமாக மாறியிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருமணத் திருப்பலியும் வரவேற்பும் சேர்த்து 2,500 படங்கள் எடுக்கப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் பத்து விநாடி பார்த்து, வேண்டும் வேண்டாம் என்று பிரித்தாலே ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகும். அவற்றில் 500 படங்களுக்கு நிறமும் வெளிச்சமும் சரிசெய்ய, படத்திற்கு இரண்டு நிமிடம் என்றால்கூட, இன்னும் பதினாறு, பதினேழு மணி நேரம். ஆக, நாம் பார்க்காத மூன்று வேலை நாட்கள் ஓடிவிட்டன. ஆல்பம் டிசைன் செய்வதும், லேபுக்கு அனுப்புவதும், "மாமா படம் விட்டுப்போச்சு" என்று நாம் சொல்லும் திருத்தங்களும் இதற்கு மேல்தான். கேமராவும் தேய்கிறது. அதன் ஷட்டருக்குத் தயாரிப்பாளர்கள் ஓர் ஆயுள் சொல்கிறார்கள். 1,50,000 படம் என்று சொன்ன கேமரா, மேற்சொன்ன கணக்கில், 60 திருமணங்களில் அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்களில் திருமணம் கிடையாது. தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் நாம் வழக்கமாக வைப்பதில்லை. முகூர்த்த நாளில் ஒரே ஆளை நான்கு வீட்டார் கேட்பார்கள். மற்ற நாட்களில் அவர் கடையில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருப்பார். சம்பாதிக்கும் சில நாட்கள்தான் ஆண்டு முழுவதற்கும் சோறு போடவேண்டும். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. முகூர்த்தம் இல்லாத ஒரு வார நாளில் திருமணம் வைத்தால், அதைச் சொல்லி உரிமையோடு குறைத்துக் கேட்கலாம். அது அவருக்கும் இலாபமே.

எங்கே குறைக்கக் கூடாது என்பதுதான் நாம் சிந்திக்கவேண்டியது. பேரம் பேசிப் பேசித் தொகையை இறக்கும்போது லேபுக்குரிய பணம் குறையாது; கேமராவின் மாதத்தவணையும் குறையாது. குறைவது பெரும்பாலும் லைட் பிடிக்கும் பையனின் கூலி, அல்லது நாள் கூலிக்கு வரும் இரண்டாவது புகைப்படக்காரரின் கூலி. மாலை நான்கு மணிக்கு மணப்பெண் வீட்டில் தொடங்கி, கடைசி விருந்தினர் மேடையிலிருந்து இறங்கும்வரை நின்றுகொண்டே இருப்பவர்கள் இவர்கள். கடைசிப் பந்தியில் இவர்கள் உட்காரும்போது பிரியாணி தீர்ந்துபோயிருக்கும். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், வேறு வழியின்றித் தொழிலாளி ஒத்துக்கொண்டான் என்பதாலேயே ஒரு கூலி நீதியானதாகிவிடாது என்று போதிக்கிறது. அது ஆலை முதலாளிகளுக்கு மட்டும் எழுதப்பட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஓர் இரவுக்கு நாமும் முதலாளிகள்தானே! பணம் போதவில்லையா? பொருளைக் குறைப்போம். இரண்டு ஆல்பத்திற்குப் பதில் ஒன்று போதும். மண்டப வாசலில் எல்.இ.டி. திரை இல்லாவிட்டால் திருமணம் நின்றுவிடாது.

அனுபவமுள்ளவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது எதற்கு என்பதை ஆலயத்திற்குள் பார்க்கலாம். வார்த்தைப்பாடு, மோதிரம், தாலி ஆகிய மூன்றும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். "பாதர், இன்னொரு தடவை" என்று கேட்க முடியாது. திருப்பலியின் ஒழுங்கு தெரிந்தவர் எங்கே நிற்பது, எப்போது ஃபிளாஷை நிறுத்துவது என்று அறிந்திருப்பார். தெரியாதவர் பீடத்தில் ஏறி நின்று மக்களுக்கு முதுகைக் காட்டுவார். ஆகவே, அவரை முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் அழைத்துச் செல்வது நல்லது. கேமராவில் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகுமா, அன்றிரவே வேறொரு ஹார்டு டிஸ்கில் ஏற்றுவாரா என்றும் கேட்போம். பத்துப் பளபளப்பான படங்களைப் பார்ப்பதைவிட, அவர் எடுத்த ஒரு முழுத் திருமண ஆல்பத்தைப் புரட்டுவது மேல்.

பேசியதை எழுதி வாங்குவோம். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணி வரை, ஆல்பம் எத்தனை பக்கம், எந்தத் தேதியில் கிடைக்கும், முன்பணம் எவ்வளவு என்பவை ஒரு தாளில் அடங்கிவிடும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை, புகைப்படத்திற்கு வரி 18 விழுக்காடு. ஒரு இலட்சம் என்று பேசியது பில்லில் 1,18,000 ஆகலாம் என்பதால், வரி சேர்த்தா சேர்க்காமலா என்று முதலிலேயே கேட்டுவிடவேண்டும். பதிவு பெறாத சிறிய ஸ்டூடியோ இந்த வரியை வசூலிக்க இயலாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் மட்டும் அது மாறும். நம் பெண்ணின் படம் ஸ்டூடியோவின் விளம்பரத்தில் வரலாமா என்பதை அந்தத் தாளில் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

ட்ரோன் பற்றியும் ஒரு வார்த்தை. ஆவடியில் பாதுகாப்புத்துறைத் தொழிற்சாலைகளும் விமானப்படை நிலையமும் இருக்கின்றன. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி எந்த இடத்தில் பறக்கவிடலாம் என்பதற்கு 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தில் வரைபடம் உண்டு. அதைப் பார்க்காமல் "சேர்த்தே தர்றேன் சார்" என்பவரிடம் எச்சரிக்கை தேவை.

ஆல்பம் தாமதமாவதற்கு ஸ்டூடியோக்காரரையே நாம் குறை சொல்கிறோம். சில நேரங்களில் அது நியாயம்தான். ஆனால் பல வீடுகளில், படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அவர் கொடுத்த பென் டிரைவ் பீரோவில் தூங்குகிறது. மாப்பிள்ளை வீட்டார் பார்க்கவேண்டும், துபாயிலிருந்து அண்ணன் வரவேண்டும் என்று நாட்கள் போய், முதல் குழந்தையின் திருமுழுக்கிற்கு அதே புகைப்படக்காரரை அழைக்கும் நாளில்தான் அது வெளியே வருகிறது. திருமணம் முடிந்த பதினைந்து நாட்களுக்குள் குடும்பத்தில் ஒரே ஒருவரை உட்காரவைத்துத் தேர்வை முடித்து, மீதித் தொகையை எப்போது தருவோம் என்பதையும் அன்றே சொல்லிவிட்டால், ஆல்பம் சொன்ன தேதிக்கு வந்துசேரும்.