குளத்து நீரும் குழாய் நீரும்

கொழும்புக்கு லபுகமை நீர் குழாயில் வந்தது 1880களில். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குழாயைத் திருகும் நமக்கு, வாந்திபேதியால் கல்கத்தா பட்டபாட்டை நினைக்கத் தோன்றுவதில்லை.

அம்மாநகர் 1870இலேயே, ஊக்ளி ஆற்றுநீரைப் பல்தாவில் மணலில் வடித்துக் குழாய்வழி வழங்கத் தொடங்கியது. நோயின் வித்து யாதென உலகம் தெளியாத காலம் அது! குழாய்நீர் அருந்தினால் ஆசாரம் கெடுமோ என ஐயுற்றோரும் இருந்தனர். ஆயினும் அந்நீர் சென்ற இடங்களிற் சாவு குறைந்தது. புறநகர்க் குடிசைவாசிகளோ குளங்களையே நம்பியிருந்தனர்.

அத்தகைய குளமொன்றின் கரைக்கே 1884இல் ஜெர்மன் மருத்துவர் றொபேட் கோக் வந்தார். குளிப்பதும் துணி வெளுப்பதும் குடிநீர் மொள்வதும் அங்கேதான். நோயால் இறந்த ஒருவரின் ஆடையும் அதில் அலசப்பட்டிருந்தது. கரையில் வாழ்ந்தோருள் 17 பேர் மாண்டனர். அந்நீரில், காற்புள்ளிபோல் வளைந்த கிருமியைக் கோக் கண்டார். இத்தாலியரான பாச்சினி 1854இலேயே கண்ட கிருமிதான் அது. அவர் சொல்லை அன்று கேட்பாரில்லை.

கோக் சொல்லுக்கும் பிரித்தானிய அரசு உடனே இணங்கவில்லை. அது அனுப்பிய ஆய்வுக் குழு, அக்கிருமியே நோய்க்குக் காரணம் என்பதை மறுத்தது. நோய் தொற்றுமென ஒப்பினால், இந்தியாவிலிருந்து செல்லும் கப்பல்களைப் பிறநாட்டார் துறைமுகங்களில் மறித்து நிறுத்துவர், வாணிகம் குன்றும். அம்மறுப்பில் விஞ்ஞானத்தினும் இவ்வச்சமே மிகுதி என்பது என் துணிபு.