வேலி ஓணானும் விலை ஓணானும்

“வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாற்போல” என்பது நம்மவர் பழமொழி. வலியச் சென்று தொல்லையைத் தேடிக்கொள்பவனைச் சுட்ட எழுந்த அம்மொழி, இக்காலத்தில் சொல்லுக்குச் சொல் மெய்யாகி வருகின்றது. ‘பியர்டட் டிராகன்’ எனப்படும் தாடி ஓணானைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கும் வழக்கம் மேலை நாடுகளிலிருந்து நம் நகரங்களுக்கும் வந்துள்ளது. கைபேசித் திரையில் அதைக் காணும் பிள்ளைகள், “நமக்கும் ஒன்று வாங்கலாமே” என்று கேட்கக்கூடும். விடையளிக்குமுன் பெற்றோர் அறியவேண்டியவை சில உண்டு.

இப்பிராணியின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. வால் நுனிவரை ஏறக்குறைய இரண்டடி வளரும். அச்சமோ சினமோ கொண்டால் கழுத்துத் தோலை உப்பிக் கருமையாக்கும். தாடி என்ற பெயர் அதனால் வந்தது. இயல்பில் சாதுவானது, கையில் ஏந்தினாலும் அமைதியாயிருக்கும். நன்கு பேணினால் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். ஐந்தாம் வகுப்பு மாணவன் ஆசைப்பட்டு வாங்கியதை, அவன் கல்லூரி முடித்து வேலைக்குச் சென்ற பின்னும் வீட்டார் பேணவேண்டியிருக்கும்.

பேணுதலும் எளிதன்று. ஓணானின் உடலுக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெயிலில் காய்ந்தே அது உணவைச் செரிக்கின்றது. ஆகையால் பெட்டியின் ஒரு புறம் 40 பாகை செல்சியஸ் அளவு வெப்பமும், மறுபுறம் 25 பாகை அளவு குளிர்ச்சியும் வேண்டும். அன்றியும், சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் இல்லையேல் அதன் எலும்பில் சுண்ணச்சத்து சேராது. கால்கள் வளையும், தாடை மென்மையாகும். சன்னற் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடுவதால், சன்னலருகே பெட்டியை வைப்பதில் பயனில்லை. அதற்கெனத் தனிவிளக்கு நாள்தோறும் 10 முதல் 12 மணி நேரம் எரியவேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் கதிர் குன்றிவிடுமாதலால், குறித்த காலத்தில் மாற்றவும் வேண்டும்.

குட்டிக்குப் பூச்சிகளே முதன்மை உணவு; வளர்ந்தபின் கீரையும் காயும் மிகுதியாக வேண்டும். வெட்டுக்கிளி கிடைக்கிறதே என்று கரும்புக் கொல்லையிலும் மரவள்ளிக் காட்டிலும் பிடித்துப் போடலாகாது. பூச்சிமருந்து தெளித்த நிலத்துப் பூச்சி நஞ்சாகிவிடும். ஊர்வனவற்றின் உடலில் ‘சால்மோனெல்லா’ என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவவேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள வீட்டுக்கு இது ஏற்றதன்று.

சட்டமும் ஒன்று சொல்லுகின்றது. ஆஸ்திரேலியா தன் நாட்டு ஊர்வனவற்றை உயிருடன் வணிகத்திற்காக ஏற்றுமதி செய்ய இசைவதில்லை. வெளிநாட்டுப் பிராணிகளைப் பெட்டிகளில் ஒளித்துக் கொணர்ந்தோர் சென்னை விமான நிலையத்தில் பன்முறை பிடிபட்டுள்ளனர். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்யவேண்டும் என்று 2024-இல் விதிகளும் வந்தன. எப்பிராணியாயினும் வனத்துறையினரைக் கேட்டறியாமல் வாங்குதல் தகாது. நம் நாட்டு உடும்பையும் நட்சத்திர ஆமையையும் பச்சைக்கிளியையும் வீட்டில் அடைத்து வைப்பதோ குற்றமேயாகும்.

இனி, நம் வேலியைச் சற்றே நோக்குவோம். கள்ளக்குறிச்சி வயல்வெளியிலும் கல்வராயன் மலையடிவாரத்திலும் தலையை ஆட்டி நிற்கும் ஓணான், அந்தத் தாடி ஓணானுக்கு உறவேயாகும். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் கழுத்தும் செந்நிறம் பெறும் அழகைக் காண எந்தக் கட்டணமும் இல்லை. பயிரை அழிக்கும் பூச்சிகளையும் அது தின்கின்றது. அதனையோ நம் சிறுவர் சுருக்கிட்டுப் பிடித்துக் கல்லால் அடிக்கின்றனர். அயலூர் ஓணானுக்கு ஆயிரக்கணக்கில் பணமும், உள்ளூர் ஓணானுக்குக் கல்லெறியுமா? படைத்தவர் ஒருவரல்லவா?

விலங்குகளைக் காரணமின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது என்று 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி போதிக்கின்றது. மனிதரின் துயர் துடைக்க முதலில் செலவிடவேண்டிய பணத்தை விலங்குகளுக்காகச் செலவிடுவதும் தகாது என்று அதே நூல் எச்சரிக்கின்றது. வேலியில் கல்லெறிபவனுக்கு முதற்போதனை. அயலான் பசித்திருக்க ஆடம்பரத்திற்காகக் கண்ணாடிப் பெட்டி வாங்குபவனுக்கு இரண்டாவது.

நோவாவுக்கு ஆண்டவர் இட்ட கட்டளையையும் நினைவில் கொள்வோம். ஊர்வன உட்பட உயிர்களைப் பேழைக்குள் சேர்க்கச் சொன்னதோடு அவர் நிறுத்தவில்லை. அவற்றுக்கான உணவையும் சேர்த்து வைக்கப் பணித்தார். ஓர் உயிரை வீட்டுக்குள் கொணர்பவர், அதற்குக் கடவுள் வெளியில் வைத்திருந்த வெயிலையும் இரையையும் இடத்தையும் தாமே அளிக்கக் கடமைப்பட்டவராகின்றார். அவற்றை அளிக்க இயலாதெனில், பிள்ளையின் கைபிடித்து வேலியோரம் அழைத்துச் செல்லுங்கள். கல்லைக் கீழே போடச் சொல்லி, கால் நாழிகை அசையாமல் நின்று பார்க்கப் பழக்குங்கள். ஓணானை அதன் இடத்திலேயே விட்டு நேசிக்கக் கற்ற பிள்ளை, நாளை எளிய மனிதரையும் இகழாது.