பின்கதவில் பவர் விண்டோ: பணம் கொடுப்பதற்கு முன்

சிறிய கார்களின் விலை குறைந்த வகைகளில் முன்கதவுக்குப் பவர் விண்டோவும் பின்கதவுக்குக் கைப்பிடியும் வருவது வழக்கம். அந்தக் கைப்பிடியை எடுத்துவிட்டு மோட்டார் பொருத்துவது இரண்டு விதமாக நடக்கிறது. கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரையே கழற்றி, அதே காரின் உயர்ந்த வகைக்கு நிறுவனம் தயாரிக்கும் மோட்டார் ரெகுலேட்டரை வைப்பது ஒன்று. பழைய ரெகுலேட்டரை விட்டுவிட்டு, கைப்பிடி மாட்டும் தண்டில் எந்தக் காருக்கும் பொருந்தும் கிட்டைப் பூட்டுவது மற்றொன்று. இரண்டாவது மலிவு, சிக்கலும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது.

மின்சாரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. கண்ணாடி தடையில்லாமல் ஏறும்போது மோட்டார் சில ஆம்பியர்களே இழுக்கும். உச்சியில் முட்டி நின்றாலோ பீடிங் ரப்பரில் இறுகினாலோ அது பல மடங்கு கூடும். அதனால் தனி வயர், தனி ஃபியூஸ், ரிலே மூன்றும் அவசியம். அவசர வேலையில் மியூசிக் சிஸ்டத்துக்குப் போகும் மெல்லிய வயரைச் சீவி, முறுக்கி, மேலே டேப் சுற்றிவிடுகிறார்கள். முறுக்கிய இடம் சூடேறி டேப் இளகும். தீப்பிடிக்க அதுவே போதும். கதவுக்கும் பில்லருக்கும் நடுவே வயர் ரப்பர் உறைக்குள் போக வேண்டும். வெறும் துளை வழியாக இழுத்த வயரை, கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் தகட்டின் விளிம்பு தேய்க்கும். கதவின் உட்புறம் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டாமல் விட்டால் மழைநீர் காருக்குள் இறங்கும்.

பின்சீட்டில் பெரும்பாலும் குழந்தைகளே உட்காருகிறார்கள் என்பதால் சுவிட்சைப் பற்றி அலட்சியம் கூடாது. ஐ.நா. வாகன விதிமுறைப்படி, தானாக ஏறி மூடும் கண்ணாடி எதன்மீதாவது பட்டால் 100 நியூட்டன், அதாவது சுமார் 10 கிலோ அழுத்தத்தைத் தாண்டுவதற்குள் திரும்பி இறங்க வேண்டும். மேலே இழுத்தால் மட்டுமே கண்ணாடி மூடும்படி சுவிட்ச் அமைய வேண்டும் என்று அமெரிக்கா 2006இல் விதி கொண்டுவந்தது. ஜன்னல் வழியே எட்டிப்பார்க்கும் குழந்தையின் முழங்கால், அழுத்தி மூடும் சுவிட்சின் மேல் பட்டால் கழுத்து நெரிபடும். மலிவான கிட் பலவற்றில் இன்றும் அழுத்தும் சுவிட்சே இருக்கிறது. கண்ணாடி திரும்பி இறங்கும் வசதி கிடையாது. நேராக பேட்டரியில் இணைத்த மோட்டார், சாவியை எடுத்த பிறகும் வேலை செய்யும். இக்னிஷன் போட்டால் மட்டுமே இயங்கும் இணைப்பும், ஓட்டுநர் பக்கம் பின்கதவுகளை முடக்கும் சுவிட்சும் இல்லாத கிட்டை வாங்கவே கூடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆர்.சி.யில் கண்ணாடி எப்படி ஏறுகிறது என்ற விவரம் இல்லாததால் இந்த வேலை அந்தத் தடைக்குள் வருவதில்லை. வாரண்டி வேறு கதை. வெளிக்கடையில் வயரை வெட்டி ஒட்டியிருந்தால், மின்சாரக் கோளாறுக்கு வாரண்டி தர டீலர் மறுக்கக்கூடும். டீலரிடமே நிறுவனத்தின் உதிரிபாகத்தைப் பொருத்தி, வாரண்டி தொடரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தொழிற்சாலையில் பொருத்தாத மின்சாதனங்களுக்கு அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்பது பழைய மோட்டார் கட்டண விதிகளிலேயே உள்ள ஏற்பாடு.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம்.

வேலை செய்த கடைமீது புகார் என்றால் பில்தான் ஆதாரம். கிட்டின் பெயர், ஃபியூஸ், ரிலே, கூலி, உத்தரவாதக் காலம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். வயர் இணைத்த இடத்தைப் பேனல் மூடுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அதில் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.