கப்பலுக்குள் ஒரு மறையுரை

எலியா கசான் இயக்கி 1954இல் வெளிவந்த ‘ஆன் தி வாட்டர்பிரண்ட்’ திரைப்படத்தை நம்மில் சிலர் பார்த்திருப்போம். அதில் வரும் அருள்தந்தை பாரி, கொலையுண்டவனின் சகோதரி எடியிடம், தேவைப்பட்டால் தம்மை ஆலயத்தில் காணலாம் என்கிறார். ஆலயத்துக்குள் ஒளிந்துகொண்ட புனிதர் எவரேனும் உண்டா என்று அவள் கேட்டுவிடுகிறாள். அந்தக் கேள்வி அவரை நியூ ஜெர்சித் துறைமுகத்துக்கே இழுத்து வருகிறது.

உண்மை பேசத் துணிந்த தொழிலாளி டுகன்மீது சரக்குப் பெட்டிகளை விழச் செய்து கொல்கிறார்கள். அவர் உடலருகே, கப்பலுக்குள்ளேயே பாரி மறையுரையாற்றுகிறார். எதிரிகள் அவர்மீது கையில் கிடைத்ததை வீசுகிறார்கள். ஆயினும், கல்வாரி இங்கும் நிகழ்கிறது, கண்டும் வாய்மூடி இருப்பவருக்கும் அதில் பங்குண்டு என்கிறார்.

ஜான் காரிடன் என்ற இயேசு சபைக் குருவே இப்பாத்திரத்துக்கு முன்மாதிரி. எடியின் கேள்வி, பீடத்திலிருந்து பேசும் நமக்கும் உரியதே.